செல்சி கிளப்பை வாங்கும் முன்பே எம்.பி... அப்ரமோவிச் ஜெயித்த சுகோட்கா தொகுதியின் 30 ஆண்டு தேர்தல் கதை!

இங்கிலாந்து கால்பந்து பார்க்கும் ரசிகர்களுக்கு ரோமன் அப்ரமோவிச் என்ற பெயரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். 2003இல் செல்சி கிளப்பை வாங்கிய ரஷ்ய கோடீஸ்வரர். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பிரிட்டன் அரசு இவர் மீது தடை விதிக்க, 2022இல் அந்த கிளப் வேறு கைக்கு மாறியது.

ஆனால், செல்சியை வாங்குவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே இவர் ஒரு நாடாளுமன்றத் தேர்தலில் நின்று எம்.பி. ஆனவர் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. நின்றது மாஸ்கோவில் அல்ல. பனியும் கலைமான்களும் நிறைந்த, ரஷ்யாவின் கடைக்கோடியில் இருக்கும் சுகோட்கா என்ற தொகுதியில்!

ஏன் அங்கே போனார்? அவருக்கு முன்பு அங்கே யார் ஜெயித்தார்கள்? நடுவில் அந்த தொகுதியே காணாமல் போனது எப்படி? ஒரு சின்ன தொகுதியின் கதைதான். ஆனால் ரஷ்ய தேர்தல் முறை எப்படி மாறி மாறி வந்தது என்பதை இதைவிட எளிதாகப் புரிந்துகொள்ள முடியாது. விரிவாகப் பார்க்கலாம்.

சுகோட்கா எங்கே இருக்கு?

உலக வரைபடத்தில் ரஷ்யாவின் வலது ஓரத்துக்குப் போங்கள். அதற்கு மேல் நிலமே இல்லை, கடல்தான் என்ற இடத்தில் இருக்கிறது சுகோட்கா. பெரிங் நீரிணைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் அலாஸ்கா. நடுவில் சுமார் 85 கிலோமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். மாஸ்கோவில் நள்ளிரவு 12 மணி என்றால் சுகோட்காவின் தலைநகர் அனாடிரில் காலை 9 மணி. ரஷ்யாவில் தேர்தல் என்றால் முதலில் திறக்கப்படும் வாக்குச்சாவடிகள் இந்தப் பகுதியில்தான்.

பரப்பளவு 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதாவது பிரான்ஸை விடப் பெரிது. ஆனால் மக்கள்தொகை? 2021 கணக்கெடுப்பின்படி 47,490 பேர் மட்டுமே!

இவர்களில் சுக்சி என்ற பழங்குடி மக்கள் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேல். கலைமான் மேய்ப்பதும், கடலோரத்தில் திமிங்கிலம், வால்ரஸ் வேட்டையாடுவதும் அவர்களின் பாரம்பரியத் தொழில். எஸ்கிமோ, எவென் போன்ற பழங்குடியினரும் இருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலானோர் தங்கச் சுரங்கம், அனல் மற்றும் அணுமின் நிலையம், துறைமுகம், அரசு அலுவலகம் என வேலைக்காக வந்து குடியேறிய ரஷ்யர்கள், உக்ரைனியர்கள்.

இவ்வளவு சின்ன இடத்துக்கு தனி எம்.பி.யா?

ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் பெயர் டூமா. மொத்தம் 450 இடங்கள். 1993இல் புதிய அரசியல் சாசனம் வந்தபோது ஒரு கலப்பு முறை கொண்டுவரப்பட்டது.

225 பேர் தொகுதியிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். நம்ம மக்களவைத் தேர்தல் மாதிரியேதான், யாருக்கு அதிக ஓட்டோ அவர் எம்.பி. மீதி 225 இடங்கள், நாடு முழுக்க ஒவ்வொரு கட்சியும் வாங்கும் வாக்கு சதவீதத்துக்கு ஏற்ப கட்சிப் பட்டியலில் இருந்து நிரப்பப்படும். ஆக, வாக்காளர் கையில் இரண்டு வாக்குச்சீட்டு. ஒன்று ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு.

தொகுதிகளைப் பிரிக்கும்போது ஒரு விதி உண்டு. ரஷ்யக் கூட்டமைப்பின் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், குறைந்தது ஒரு தொகுதி கொடுத்தே ஆக வேண்டும். சோவியத் காலத்தில் மகதான் மாகாணத்தோடு இணைந்திருந்த சுகோட்கா, 1990களின் தொடக்கத்தில் தனியாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினை செல்லும் என்று 1993 மே மாதம் ரஷ்ய அரசியல் சாசன நீதிமன்றமும் உறுதி செய்தது. தனிப் பிராந்தியம் என்பதால் தனி எம்.பி. தொகுதியும் கிடைத்தது.

முதல் எம்.பி.: கருவூலத்துக்குப் போன டட்யானா

முதல் டூமா தேர்தல் 1993 டிசம்பர் 12. சுகோட்காவில் ஜெயித்தவர் டட்யானா நெஸ்டெரென்கோ. அந்த முதல் டூமாவுக்கு ஆயுள் இரண்டே ஆண்டுகள்தான். 1995 டிசம்பரில் மறுபடி தேர்தல். அதிலும் அவரே வென்றார்.

நிதி விவகாரங்களில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த அவர், 1998இல் மத்திய கருவூலத் துறைக்குத் தலைவராகப் போய்விட்டார். பிறகு நிதித்துறை துணை அமைச்சர் வரை உயர்ந்தார். சுகோட்காவிலிருந்து மாஸ்கோவின் உயர் பதவிக்குப் போக இந்த தொகுதி ஒரு படிக்கட்டு ஆனது இங்கேதான் தொடங்கியது.

ஆனால் ஓட்டு போட்ட மக்களின் நிலைமை அந்த பத்தாண்டில் தலைகீழாக மாறிவிட்டது. சோவியத் காலத்தில் கடுங்குளிரில் வேலை பார்க்க வருபவர்களுக்கு இரட்டிப்பு சம்பளம், கூடுதல் விடுமுறை எனச் சலுகைகள் இருந்தன. சோவியத் உடைந்ததும் மானியம் நின்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன, சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. கப்பலில் வரும் எரிபொருளும் உணவும் குறைந்தன.

விளைவு? 1989இல் சுமார் 1.64 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2002 கணக்கெடுப்பில் 53,824 ஆகச் சுருங்கிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். போக வழியில்லாதவர்களும், அதுவே சொந்த மண் என்று இருந்த பழங்குடி மக்களும்தான் மிச்சம்.

1999: 33 வயது கோடீஸ்வரர் என்ட்ரி

இந்த நிலைமையில்தான் 1999 டிசம்பர் 19 தேர்தல் வந்தது. சிப்நெஃப்ட் என்ற பெரிய எண்ணெய் நிறுவனத்தின் முக்கிய பங்குதாரரான அப்ரமோவிச் சுகோட்காவில் வேட்பாளராக நின்றார். அப்போது அவருக்கு வயது 33. பிறந்தது சரடோவில், வளர்ந்தது வடக்கே கோமி பகுதியில். சுகோட்காவுக்கும் அவருக்கும் பூர்வீகத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகளை வாங்கி எளிதாக ஜெயித்தார்.

இவர் மட்டுமல்ல. அதே தேர்தலில், அப்ரமோவிச்சின் முன்னாள் கூட்டாளியும் அப்போதைய ரஷ்ய அரசியலின் முக்கியப் புள்ளியுமான போரிஸ் பெரெசோவ்ஸ்கியும் எம்.பி. ஆனார். அவர் தேர்ந்தெடுத்த இடம் தெற்கே காக்கசஸ் மலைப்பகுதியில் இருக்கும் சின்னப் பிராந்தியமான கராச்சாய்-செர்கேசியா. தலைநகரில் நின்றால் லட்சக்கணக்கான வாக்காளர்களைச் சந்திக்க வேண்டும். இப்படிப்பட்ட சின்னத் தொகுதியில் நின்றால் சில ஆயிரம் ஓட்டுகளே நாடாளுமன்றத்துக்கு வழி திறந்துவிடும். டூமா உறுப்பினருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் உண்டு என்பதையும் அப்போதைய விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

மக்கள் ஏன் அவருக்கு ஓட்டு போட்டாங்க?

வெளியூர் பணக்காரர் வந்து ஏமாற்றிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஏனென்றால் பணம் நிஜமாகவே வந்தது.

உணவுப் பொருட்கள் வந்தன. சூரியனையே மாதக்கணக்கில் சரியாகப் பார்க்காத குழந்தைகள் தெற்கே கடற்கரைகளுக்கு விடுமுறை அனுப்பப்பட்டார்கள். அவர் ஆளுநரான பிறகு அனாடிரில் மருத்துவமனை, பள்ளி, வீடுகள் எனக் கட்டடங்கள் புதுப்பொலிவு பெற்றன. சுகோட்காவுக்காக அவர் செலவிட்ட தொகை நூறு கோடி டாலருக்கும் மேல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிப்நெஃப்ட்டோடு தொடர்புடைய நிறுவனங்கள் சுகோட்காவில் பதிவு செய்யப்பட்டு, அங்கிருந்த வரிச் சலுகைகளைப் பயன்படுத்தின. பிராந்தியத்தின் கஜானா நிரம்பியது. நிறுவனத்துக்கும் வரி மிச்சமானது. கொடுத்தது தர்மமா, கணக்கா என்ற விவாதம் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் சம்பளமே வராத ஊரில் இருந்தவர்களுக்கு அந்த விவாதம் இரண்டாம்பட்சம்தான்.

ஒரே வருஷம்... எம்.பி. பதவி ராஜினாமா

எம்.பி. ஆகி ஒரு வருடம்தான். 2000 டிசம்பர் 24 அன்று நடந்த சுகோட்கா ஆளுநர் தேர்தலில் அப்ரமோவிச் நின்றார். அதுவரை பதவியில் இருந்த அலெக்சாண்டர் நசாரோவ் போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, அப்ரமோவிச் 90 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார்.

ஆளுநராகவும் டூமா உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. எனவே தொகுதி காலியானது. 2001இல் இடைத்தேர்தல் வந்தது.

இந்த தொகுதியின் வரலாற்றில் தனித்து நிற்கும் தேர்தல் இதுதான். ஜெயித்தவர் விளாதிமிர் எதிலின். சுக்சி இனத்தைச் சேர்ந்தவர், மண்ணின் மைந்தர். 1990களின் தொடக்கத்தில் பிராந்திய கவுன்சிலுக்குத் தலைமை வகித்தவர். சுக்சி மக்களின் பெயரிலேயே இருக்கும் தொகுதிக்கு, சுக்சி ஒருவர் டூமா உறுப்பினராக இருந்தது மீதமிருந்த சுமார் இரண்டரை ஆண்டுகள்தான். 2003 டிசம்பர் பொதுத்தேர்தலில் இரினா பான்சென்கோ வென்று அந்த இடத்துக்கு வந்தார்.

2007: தொகுதியே காணோம்!

இங்கேதான் கதையில் பெரிய திருப்பம்.

2004 செப்டம்பரில் பெஸ்லான் பள்ளியில் பயங்கரவாதிகள் நடத்திய தாக்குதலில் 330க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கும் மேல் குழந்தைகள். நாடே அதிர்ந்து நின்ற சில நாட்களில் அதிபர் புதின் இரண்டு அரசியல் மாற்றங்களை அறிவித்தார். ஒன்று, ஆளுநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இரண்டு, டூமாவுக்குத் தொகுதி வாரியாகத் தேர்தல் இருக்காது. 450 இடங்களும் கட்சிப் பட்டியலுக்கே!

2005இல் சட்டம் வந்தது. டூமாவுக்குள் நுழைய ஒரு கட்சி வாங்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கும் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தது. 2007, 2011 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் சுகோட்கா என்ற தொகுதி வாக்குச்சீட்டில் இல்லை. அங்கிருந்தவர்கள் கட்சிக்கு மட்டும் ஓட்டு போட்டார்கள். "எங்க ஊர் எம்.பி. இவர்" என்று கைகாட்ட ஆள் இல்லாமல் போனது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சின்னப் பிராந்தியங்களைப் பக்கத்துப் பெரிய பிராந்தியங்களோடு இணைக்கத் தொடங்கினார்கள். 2002 கணக்கெடுப்பில் 18 ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த எவென்கியா, அதன் அண்டைப் பகுதியான தைமிர் இரண்டும் 2007இல் கிராஸ்னோயார்ஸ்க்கோடு சேர்க்கப்பட்டன. கோர்யாக் பகுதி கம்சாட்காவோடு சேர்ந்தது. இவற்றுக்கும் ஒரு காலத்தில் தனி எம்.பி. இருந்தார்கள். பிராந்தியம் போனதும், தனித் தொகுதிக்கான உரிமையும் போனது. சுகோட்கா மட்டும் இந்த இணைப்பில் சிக்காமல் தப்பியது.

அப்ரமோவிச் என்ன ஆனார்? 2005இல் புதினே அவரை மீண்டும் ஆளுநராக நியமித்தார். 2008இல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். அதன்பிறகு சுகோட்கா பிராந்திய சட்டமன்றத்தின் தலைவர் ஆனார். அரசுப் பொறுப்பில் இருப்பவர்கள் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு, சொத்து வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததும், 2013இல் அதிலிருந்தும் விலகிக்கொண்டார்.

2016: திரும்பி வந்த தொகுதி

2011 தேர்தலில் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சிக்கு 238 இடங்களே கிடைத்தன. முந்தைய தேர்தலில் 315. முறைகேடு நடந்ததாக மாஸ்கோவில் பெரிய போராட்டங்களும் வெடித்தன. அதன் பிறகு 2014இல் பழைய கலப்பு முறையை, அதாவது 225 தொகுதி, 225 பட்டியல் என்ற முறையை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

மக்களுக்கு எம்.பி.யைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம் சொல்லலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

2016இல் கட்சிப் பட்டியலில் ஐக்கிய ரஷ்யா வாங்கியது சுமார் 54 சதவீத ஓட்டு. அதற்குக் கிடைத்த பட்டியல் இடங்கள் 140. தொகுதிகளில் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 225இல் 203! மொத்தம் 343. 2021இல் பட்டியல் ஓட்டு 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனாலும் தொகுதிகளில் 198 இடங்கள். மொத்தம் 324. எதிர்க்கட்சி ஓட்டுகள் பல துண்டுகளாகச் சிதறும்போது, முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற முறை பெரிய கட்சிக்கு எவ்வளவு லாபம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சுகோட்காவும் இதே பாதையில்தான் போனது. 2016இல் ஐக்கிய ரஷ்யாவின் வாலென்டினா ருட்சென்கோ வென்றார். பிராந்திய சட்டமன்றத் தலைவராக இருந்தவர். 2021 செப்டம்பரில் மூன்று நாட்கள் நடந்த தேர்தலில் அதே கட்சியின் எலெனா யெவ்டியுகோவா ஜெயித்தார். பார்வையாளர்கள் எண்ணிக்கைக்கு ரஷ்யா கட்டுப்பாடு விதித்ததால், ஐரோப்பிய பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு 2021 தேர்தலுக்குக் கண்காணிப்பாளர்களையே அனுப்பவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு ஓட்டுக்கு 15 மடங்கு எடை... ஆனால்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2016இல் ரஷ்யாவின் மொத்த வாக்காளர்கள் சுமார் 11 கோடி. 225 தொகுதிகளால் வகுத்தால், சராசரியாக ஒரு தொகுதிக்கு 4.9 லட்சம் பேர். சுகோட்காவில் இருப்பதோ முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். அப்படியென்றால் ஒரு எம்.பி.யை அனுப்புவதில் சுகோட்கா வாக்காளரின் ஒரு ஓட்டு, சராசரி ரஷ்யரின் ஓட்டைவிட ஏறக்குறைய 15 மடங்கு கனமானது!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமே? அங்கேதான் சிக்கல்.

டூமாவில் ஏற்கெனவே இடம் வைத்திருக்கும் கட்சிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. சுயேச்சையாக நிற்பவர்கள் தொகுதி வாக்காளர்களில் 3 சதவீதம் பேரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்காளர்கள் உள்ள தொகுதி என்றால் குறைந்தது 3,000 கையெழுத்து கட்டாயம்.

முப்பதாயிரம் பேரில் 3,000 என்றால் பத்தில் ஒருவர். அதுவும் பிரான்ஸை விடப் பெரிய நிலப்பரப்பில்! ஊருக்கு ஊர் சாலை கிடையாது. விமானம், ஹெலிகாப்டர், கோடையில் கப்பல், பனிக்காலத்தில் உறைந்த பாதை இவைதான் வழி. கலைமான் மேய்ப்பவர்கள் முகாமிட்டிருக்கும் இடங்களுக்குத் தேர்தல் அதிகாரிகளே முன்கூட்டியே ஹெலிகாப்டரில் பறந்து போய் ஓட்டு வாங்கி வருகிறார்கள். ஒரு சாதாரண சுயேச்சை வேட்பாளர் அந்தச் செலவுக்கு எங்கே போவார்?

ஆக, சட்டம் ஒரு கையால் ஓட்டுக்கு எடை கொடுக்கிறது. இன்னொரு கையால் யாருக்கு ஓட்டு போடலாம் என்ற பட்டியலைச் சுருக்குகிறது. பெரிய கட்சியோ, பெரிய பணமோ பின்னால் இல்லாத உள்ளூர்க்காரர் தேர்தலில் நிற்பதே மலையேறுகிற வேலை.

ஒரு பார்வையில்: சுகோட்கா எம்.பி.க்கள்

1993, 1995: டட்யானா நெஸ்டெரென்கோ

1999: ரோமன் அப்ரமோவிச்

2001 இடைத்தேர்தல்: விளாதிமிர் எதிலின்

2003: இரினா பான்சென்கோ

2007, 2011: தொகுதி இல்லை, கட்சிப் பட்டியல் மட்டும்

2016: வாலென்டினா ருட்சென்கோ

2021: எலெனா யெவ்டியுகோவா

அடுத்து என்ன?

டூமாவின் பதவிக்காலம் இப்போது ஐந்து ஆண்டுகள். அடுத்த தேர்தல் 2026 செப்டம்பரில் வர வேண்டும். அன்றைக்கும் பெரிங் கடலோரத்து வாக்குச்சாவடிகள்தான் ரஷ்யாவில் முதலில் திறக்கும்.

இந்த முப்பது ஆண்டுகளில் சுகோட்கா மக்கள் மாஸ்கோவின் வருங்கால அதிகாரி, எண்ணெய் கோடீஸ்வரர், சுக்சி தலைவர், ஆளும் கட்சி நிர்வாகி என எல்லா வகை எம்.பி.க்களையும் பார்த்துவிட்டார்கள். எம்.பி.யே இல்லாத ஒன்பது ஆண்டுகளையும் பார்த்துவிட்டார்கள். அந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றை முடிவு செய்தது அங்கே விழுந்த ஓட்டு அல்ல. மாஸ்கோவில் எழுதப்பட்ட விதிகள்தான். ஒரு தொகுதியில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே யாரெல்லாம் நிற்க முடிந்தது என்று கேட்க வேண்டும். சுகோட்காவின் தேர்தல் கதை சொல்லும் பாடம் அதுதான்.